குட்டையை மூடப் போனவர்

"அம்மா, அந்தக் குட்டைய மூடிரலாங்களா?"

கேட்டவர் வெள்ளியங்கிரி. பாதி ஆயுளைக் கொத்தனாராகக் கழித்துவிட்டு மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தவர். குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம்.

"எதுக்குங்கய்யா?" என்றார் ஆசிரமத்தின் குருவான அம்மா.

"நேத்துக் கைக்கொழந்தையோட ஒருத்தி மழைல நின்னா. மனசே கேக்கலைங்க. கை ஓயறதுக்குள்ள ஒரு மண்டபம் கட்டிரோணும். சமதரைன்னு இருக்கறது அந்த இடம் ஒண்ணுதானுங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆசிரமத்தில் மற்றதெல்லாம் மேடும் பாறையும். குட்டையோ மழைக்கு நிரம்பும், தை பிறந்தால் வெடித்துக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி, வற்றாத தாமரைக்குளம் ஒன்று இருக்கிறது.

"குட்டைல குடியிருக்கறவங்க?"

"தவளக்குஞ்சுங்களா? அதுங்கள அப்படியே விட்டுருவனா? குளத்துல கொண்டுபோயி விட்டர்றேனுங்க. அங்க எந்நாளும் தண்ணி."

அம்மாவுக்கும் அது சரியென்றே பட்டது.

வெள்ளியங்கிரி முழங்கால் சேற்றில் இறங்கினார். தலைப்பிரட்டைகளைக் கையால் அள்ளி அள்ளி, தண்ணீர் நிரப்பிய போணிப் பாத்திரத்தில் விட்டார். ஒன்றுகூட நசுங்கவில்லை. செங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்த கை அது!

அம்மாவும் கூட வர, குளக்கரையில் குனிந்து ஒரு கை அள்ளி விட்டார்.

"போங்க சாமி. இனிக் கவலையில்ல."

தாமரை இலைக்கடியிலிருந்து கெண்டை மீன்கள் வந்தன. தண்ணீர் ஒருமுறை கொதித்து அடங்கியது. அவ்வளவுதான். விட்டதில் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"நல்லதுன்னு நெனச்சனுங்களே அம்மா..."

"நானும் அப்படித்தானுங்கய்யா நெனச்சேன்." அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அந்தரத்தில் நின்ற கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு திரும்பிக் குட்டை இருந்த பக்கம் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, குட்டைல மீனே இல்லைங்களே?"

"எப்படிங்க இருக்கும்? வருசா வருசம் வத்திப்போற எடத்துல மீனு எப்படிப் பொழைக்..."

நிறுத்திவிட்டார்.

போணியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்; அம்மாவும் பின்னால் வந்தார். குட்டையில் இறங்கி, போணியைச் சாய்த்து, மிச்சமிருந்தவற்றைத் தண்ணீரோடு தண்ணீராகக் கலக்கவிட்டார்.

"அப்ப மண்டபம்?" என்றார் அம்மா.

"இவங்க வளந்து கரையேறட்டுங்க. எந்தப் பக்கம் போறாங்க, எங்க தங்கறாங்கன்னு பாக்கோணும். மேடோ பாறையோ, அவங்க போகாத பக்கமாப் பாத்து அஸ்திவாரத்துக்கு வானந்தோண்டறேன்."

"அதுவரைக்கும் மழைல நிக்கறவங்க?"

"என்ற குடிசையத் தெறந்து வுட்டர்றேனுங்க."

"நீங்க எங்கய்யா இருப்பீங்க?"

வெள்ளியங்கிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்.

"நான் இவங்களைப் பாத்துட்டு இங்கதானுங்களே இருக்கப்போறேன்."