தாழம்பூவுக்குப் பயந்த முயல்

தாழம்பூ மணத்துக்குப் பாம்பு வரும் என்பது மிகப் பெரிய பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது முறையாகாது. பாம்பு நாக்கை நீட்டி மணம் அறியும், உண்மைதான். ஆனால் அது தேடுவது இரையை, பூவை அல்ல. ஏரிக்கரையில் குடியிருந்த தும்பை என்ற முயலுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

தும்பைக்கு மூன்று குட்டிகள். புதர்வீட்டு வாசலில் அருகம்புல்லும் பொன்னாங்கண்ணியும் வளர்த்திருந்தது. பக்கத்து வாசலில் ஒரு மயில் தாழை வளர்த்தது. தாழை பூத்த நாள் முதல் முயலுக்குத் தூக்கம் போயிற்று. சருகு அசைந்தாலும் நடுங்கியது.

"மயில் அண்ணாச்சி, அந்தத் தாழையை வெட்டிப் போடுங்க! பாம்பு வந்துரும்!"

"வரட்டுமே! எனக்குப் பலகாரம் ஆச்சு!"

"உங்களுக்குச் சிரிப்பு! நான் பிள்ளைகுட்டிக்காரி!"

"அட, நான் இருக்கேன்ல? பயப்படாம தூங்கு தாயி!"

"நீங்க இருக்கிற லட்சணம் தெரியாதா? தினமும் என் பொன்னாங்கண்ணியை மிதிச்சுக்கிட்டுத்தானே தண்ணிக்குப் போறீங்க!"

மறுநாளே முயல் இலந்தை முள்ளை இழுத்துவந்து இரண்டு வாசலுக்கும் நடுவே வேலி அடைத்தது. அதைப் பார்த்த மயிலின் கழுத்து விறைத்தது.

"இவ்வளவு தூரத்துக்கு வந்தாச்சா? சரி, நான் போறேன்!"

மயில் அக்கரைக்குப் பறந்துவிட்டது. முயல் தாழம்பூவைக் கடித்துத் துப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

மூன்றாம் நாள் நண்பகல். கரையில் பறவைச் சத்தம் சட்டென்று நின்றது. காற்றே இல்லை. ஆனால் பொன்னாங்கண்ணி ஒரு கோடாகச் சாய்ந்துகொண்டே வந்தது. கோட்டின் நுனியில் படம் எழுந்தது.

முயல் குட்டிகளைப் பின்னால் தள்ளியது. பின்னால் இருந்தது முள்வேலி.

"பூவைத்தான் கடிச்சுப் போட்டுட்டேனே! அப்புறம் ஏன் வந்தே?"

"எந்தப் பூ?" என்றது நாகம். "மயில் போயிருச்சுன்னு சொன்னாங்க. வந்தேன்."

முயல் முள்ளுக்குள் பாய்ந்தது. காது கிழிந்தது. அது உண்டாக்கிய இடுக்கில் குட்டிகள் ஒவ்வொன்றாய்ப் பிதுங்கின. கடைசிக் குட்டியைக் கொத்த நாகம் பாய்ந்தபோது வாயில் முள்தான் சிக்கியது. ஏரியைச் சுற்றி ஓடிய நால்வரும் மயில் இருந்த மரத்தடியில்தான் நின்றார்கள்.

அண்டை வீட்டார் மிதித்த செடியை மட்டுமே பார்ப்பவர், அவர்களால் கிடைக்கும் காவலைக் காண்பதில்லை.

முயலின் பழைய வாசலில் இப்போது நாகம் குடியிருக்கிறது. பொன்னாங்கண்ணி செழிப்பாக வளர்கிறது.