கொக்கரப்பட்டிக் கண்மாயைப் படம் பிடித்த கதை

கொக்கரப்பட்டிக்காரர்களை யாராவது சோம்பேறி என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மாடாய் உழைப்பார்கள். வினையே அங்கேதான்.

அந்த ஊர்க் கண்மாய் பூராவும் வண்டல் மேடு, அதன் மேல் கருவேல முள். மழை பெய்தால் பொட்டுத் தண்ணீர் நிற்காது. மடைக்குக் கீழே அங்காயியின் வயல். "இந்த மழைக்கும் தண்ணி நிக்கலேன்னா நான் எப்படி நடவு நடுறது?" என்று தலைவர் மொக்கராசுவை அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவர் ஆபீசருக்குப் போன் போட்டார்.

"கண்மாயைப் படம் எடுத்து அனுப்புங்க. நல்லா தெரியணும். பாத்துட்டுத் தூர்வார மெஷின் அனுப்புறேன்" என்றார் ஆபீசர்.

சடையாண்டியிடம்தான் நல்ல செல்போன் இருந்தது. கரையில் நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"தலைவரே, முள்ளுதான் தெரியுது. கண்மாய் தெரியலையே!"

"ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கையில நெத்தி முடிய ஒதுக்கச் சொன்னாங்கல்ல? அதே மாதிரி ஒதுக்கிருவோம்."

ஊரே இறங்கி முள்ளை வேரோடு பிடுங்கியது. இப்போது வண்டல் மறைத்தது. தரை தெரிய வேண்டாமா? வெட்டி, கூடை கூடையாய்ச் சுமந்து கரைக்கு அந்தப் பக்கம் கொட்டினார்கள். கண்மாய் கழுவி வைத்த கும்பா மாதிரி ஆனது. சடையாண்டி படம் எடுத்தான். அடடா, என்ன அழகு!

ஆபீசர் போனில் கத்தினார். "யோவ், கண்மாய் ஜோராத்தானே இருக்கு? இதுக்கு எதுக்குய்யா மெஷின்?"

அங்காயி கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "போச்சு! கண்மாய் நல்லா இருக்காம். இனி எவன் வந்து தூர்வாருவான்? என் வயலு காஞ்சே போகும்!"

மொக்கராசு தாடையைத் தடவினார். "பழையபடி ஆக்கிர வேண்டியதுதான்."

"மண்ணை மட்டுமா, முள்ளையுமா?" என்று கேட்டான் சடையாண்டி.

"முள்ளில்லாம ஆபீசர் எப்படிய்யா நம்புவாரு?"

எல்லோரும் யோசித்துத் தலையாட்டினார்கள். முதல் கூடையைத் தூக்கியவள் அங்காயி.

மண்ணைக் கொட்டி, முள்ளை ஊன்றி, மறுபடி படம் போனது. மெஷினும் வந்து சேர்ந்தது. டிரைவர் இறங்கி, "வேலை முடிஞ்சதும் கண்மாய் எப்படி இருக்குன்னு ஒரு படம் குடுங்க. அதை ஆபீஸ்ல காட்டினாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்" என்றார்.

"அதுக்கு எதுக்குத் தம்பி வெயில்ல கெடந்து சாகணும்? அந்தப் படம் எங்ககிட்ட முன்னாடியே இருக்கு!" என்றார் மொக்கராசு, பெருமையாக.

டிரைவர் படத்தைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், இவர்கள் முகத்தைப் பார்த்தார். படத்தைத் தன் செல்லில் வாங்கிக்கொண்டு, அங்காயி கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்த தண்ணீர் வண்டல் மேல் ஏறி, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் அடுத்த ஊரைப் பார்த்து ஓடியது. அங்காயி குடையும் மண்வெட்டியுமாய் ஓடி வந்தாள்.

"ஐயையோ, ஓடுதே! ஏதாச்சும் செய்யுங்கப்பா!"

சடையாண்டி முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். செல்லில் அந்த முதல் படத்தைத் திறந்து, ஓடுகிற தண்ணீருக்கு நேராக நீட்டினான். "இங்க பாரு, கண்மாய் இப்படித்தான் இருக்கு. ஒழுங்கா நில்லு!"

அங்காயி அவசரமாய் அவன் செல்லுக்குக் குடை பிடித்தாள். "கொஞ்சம் தாழ்த்திக் காட்டுப்பா. அதுக்கு நல்லா தெரியணும்ல?"