ஆவணி பதினேழுக்குப் பிறகு

"இந்த வருஷமாவது ஒழுங்கா எழுதணும்னு இருக்கேம்மா" என்றார் பிச்சாண்டி.

சித்திரை முதல் நாள். மலையடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் செண்பகவல்லி அம்மாள் பாகல் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு. பிச்சாண்டியோ அவரைவிட இருபது வயது மூத்தவர். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மனைவி இறந்த பிறகு சீடராக இங்கே வந்து சேர்ந்தவர். தோட்டத்துக் குறிப்பு நோட்டு அவர் பொறுப்பு.

"என்னென்ன எழுதப்போறீங்க?"

பிச்சாண்டி புது நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பதினொரு தீர்மானங்கள். முத்து முத்தான கையெழுத்து.

"தினமும் மழை அளவு. விதைச்ச தேதி. விதை யார் கொடுத்தது. எரு போட்ட நாள். பூச்சி விழுந்த நாள்..."

பதினொன்றையும் அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு ஐயா. போன வருஷ நோட்டு எங்கே?"

பிச்சாண்டியின் முகம் சுருங்கியது.

"அது எதுக்கும்மா? பாதியில நிக்குது."

"கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். ஆவணி பதினேழு வரை ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"பதினெட்டாம் தேதி என்ன ஆச்சு?"

"வேலை ஜாஸ்தி."

அம்மாள் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"உடம்புக்கும் முடியல."

இன்னொரு முடிச்சு.

"கத்தரி பட்டுப்போன நாள்மா அது."

அம்மாளுக்கும் நினைவிருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லாத முள்ளுக்கத்தரி. மிச்சமிருந்த ஒரு பிடி விதையை அவரே பிச்சாண்டி கையில் கொடுத்திருந்தார். நாற்பது செடி. பூ விடுகிற நேரத்தில் அத்தனையும் போயிற்று.

"வாடல் நோய்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

பிச்சாண்டியின் விரல் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"நோய் இல்லம்மா. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டுட்டு அடைக்க மறந்துட்டேன். மூணு நாள் விடாம மழை. நான் அந்தப் பக்கமே போகல. பாத்தியில தண்ணி கட்டி நின்னுடுச்சு. நோட்டுல மட்டும் 'செடி நலம்'னு எழுதிட்டே இருந்தேன்."

அம்மாள் கோபப்படுவார் என்று பிச்சாண்டி தலை குனிந்துகொண்டார்.

அம்மாள் பழைய நோட்டின் முதல் வெள்ளைத் தாளைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

"எழுதுங்க."

"எட்டு மாசம் கழிச்சா?"

"ம்."

எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

'ஆவணி 18. மடையை அடைக்க மறந்தது நான்.'

அம்மாள் வாசித்துவிட்டுத் தலையசைத்தார்.

"மறுநாள்?"

"மறுநாள் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டேன்."

"எல்லாமே பட்டுப்போச்சா?"

"எல்லாமே..."

பேனா நின்றது.

மேட்டோரம் நின்ற இரண்டு செடிகள் அவர் கண்முன் வந்தன. தண்ணீர் ஏறாத இடம். இலை வாடவில்லை. ஒன்றில் ஊதாப் பூகூட இருந்தது. இது ரெண்டு மட்டும் எப்படித் தப்பித்தது என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் அன்றைக்கு முதலில் பிடுங்கியது அந்த இரண்டையும்தான்.

"ரெண்டு செடி உசிரோட இருந்துச்சும்மா." பேனாவை மூடினார். "நான்தான்... நானேதான்மா..."

அம்மாள் கயிற்றைக் கீழே போட்டார். ஈரமண்ணில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதுங்க ஐயா. அந்த மூணு நாளும் நானும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அதையும் எழுதுங்க."