மந்திரிக்காகக் காத்திருந்த ரிப்பன்

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் பொதுக் கழிப்பறை கட்டி எட்டு மாசம் ஆச்சு. தண்ணி, லைட்டு எல்லாம் தயார். வாசலுக்குக் குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன் மட்டும் அப்படியே கிடந்தது.

"மந்திரி வந்து வெட்டுற வரைக்கும் ஈ, காக்கா உள்ளே போகப்படாது. போச்சுன்னா உன் வேலை போயிரும்" என்று பேரூராட்சித் தலைவர் தர்மக்கண், காவலாளி இசக்கியப்பனை மிரட்டி வைத்திருந்தார். பூக்காரப் பெண்கள் ஒதுங்க இடமில்லையே என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காமல் உட்கார்ந்திருப்பதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒருநாள் மத்தியானம் கிடா விருந்து முடிந்த கையோடு தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கதவைத் திறலே!"

"மந்திரி இன்னும் வரலியே ஐயா."

"மந்திரி கிடக்கட்டும், ரிப்பனை அறுலே!"

"நான் அறுத்தா வேலை போயிருமே. நீங்க வெட்டினா அது திறப்பு விழால்லா?" என்று எட்டு மாசமாகப் பத்திரமாக வைத்திருந்த தட்டையும் கத்தரிக்கோலையும் நிதானமாக எடுத்து நீட்டினான்.

தலைவருக்கு யோசிக்க நேரமில்லை. வெட்டினார், உள்ளே பாய்ந்தார்.

இசக்கியப்பன் சும்மா இருப்பானா? "தலைவர் திறந்து வச்சுட்டாரு! வாங்க தாயி, எல்லாரும் வாங்க!" என்று பஸ் ஸ்டாண்டே அதிரக் கூவினான்.

தலைவர் வெளியே வந்தபோது வரிசை டீக்கடையைத் தாண்டி நின்றது. பூக்காரிகள் ஆளுக்கொரு மாலை போட்டுக் கைதட்டினார்கள். இனிமேல் எந்த வாயால் பூட்டச் சொல்வது?

பஸ் நேரம் சொல்லும் மைக்கை இழுத்து வந்து இசக்கியப்பன் பணிவாக நீட்டினான்.

"முதல் ஆளா உபயோகிச்சிருக்கீங்க. எப்படியிருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசுங்க ஐயா."