ஆற மறுத்த புண்

"நான் தைத்ததில் என்ன குறை?" என்று கேட்டார் அருமைநாயகம்.

ஊரறிந்த தோல் மருத்துவர். தலை நரைத்த பிறகு, தன்னைவிட இளையவளான பல் மருத்துவர் மதுரவல்லியிடம் பாடம் கேட்க வந்திருந்தார். வந்தாரே தவிர, வீம்பை விட்டுவிட்டு வரவில்லை.

கூடவே பேச்சித்தாயியையும் அழைத்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். தாடையோரம் ஒரு சின்னத் துளை, ஓயாமல் சீழ் கசிந்தது. களிம்பு போட்டுப் பார்த்தார். அறுத்துத் தைத்துப் பார்த்தார். ஆறும், மறுபடி உடையும்.

"புண்ணு ஆறாம சமையக்கட்டுப் பக்கம் வராதேன்னுட்டாங்கம்மா. எனக்கு வேற பொழப்பு ஏது?" என்றாள் பேச்சித்தாயி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"இந்தத் தடவை ஆழமா அறுத்துடறேன்," என்றார் அவர்.

மதுரவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவங்க ஏன் வாயைப் பொத்திக்கிட்டே பேசறாங்க?"

"மரியாதைதான். என் எதிரே எப்பவும் அப்படித்தான்."

"உங்களுக்கு அது பிடிச்சிருந்ததா?"

பிடித்துத்தான் இருந்தது, பாவம் மனுஷனுக்கு.

"முந்தானையை எடுங்கக்கா. வாயைத் திறங்க."

"ஐயோ, டாக்டரய்யா முன்னாடியா?"

கூசிக்கூசித் திறந்தாள். கீழ்க்கடைவாயில் ஒரு பல் கறுத்து, பாதி உடைந்து கிடந்தது.

"இது வலிக்குதா?"

"எப்பவோ வலிச்சுதும்மா. புண்ணு உடைஞ்சதும் விட்டுப்போச்சு. அதான் சொல்லல."

மதுரவல்லி அவரிடம் கையுறையை நீட்டினாள்.

"ஒரு விரல் வாய்க்குள்ள, ஒரு விரல் புண்ணு மேல. தடவிப் பாருங்க."

தடவினார். பல்லடியிலிருந்து துளைவரை கயிறு மாதிரி ஒன்று இறுகி ஓடியது; பல்லின் சீழ் வெளியேறும் வழி அது. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றித் தாடையெலும்பு கரைந்திருந்தது. அவருக்கு முகமே செத்துப்போயிற்று.

மதுரவல்லி பல்லைப் பிடுங்கி, அடியில் இருந்த அழுகலைச் சுரண்டி எடுத்தாள்.

"துளையை நான் தைச்சுடட்டுமா?" என்றார் அருமைநாயகம்.

"அதைத் தொடாதீங்க. தானா மூடிக்கும்."

மூடிக்கொண்டது. அடுத்து வந்தபோது பேச்சித்தாயிக்குத் தாடையில் சின்னக் குழி மட்டும்தான். மறுநாள் சமைக்கப் போகிறாளாம், முகமெல்லாம் சிரிப்பு.

அருமைநாயகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் தைச்சு மூடினப்போ, அந்த வலி திரும்ப வந்திருக்குமே?"

"உசிரே போச்சுங்கய்யா."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க பாத்துட்டு, 'சுத்தமா ஆறிருச்சு'ன்னீங்க. அதுக்கு மேல நான் எப்படிங்கய்யா சொல்றது?"