இரண்டு கம்பி, நான்கு கம்பி

கரூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தில்ஷாத்துக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த பொன்னுரங்கத்துக்கு அறுபத்தொன்று. பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் அடித்தவர். இனி நெருப்பு வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் மதியம் கடைக்கு வந்தவர் உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"என் தம்பி குழந்தைவேலு ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடக்கான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். ரெண்டு வருஷமா மூணு வேளையும் நான்தான் சோறு கொண்டுபோய் வெக்கறேன். ஒரு வேளை தப்பினதில்ல. இன்னிக்கு அவன் பொண்ணு வந்து நிக்கறா. அப்பன் சரியா சாப்பிடறதில்லையாம், பாதியா இளைச்சுட்டானாம். நாலு மணி பஸ்ஸுல திருப்பூருக்கே கூட்டிட்டுப் போறாளாம். நான் என்ன குறை வெச்சேன்?"

"சோறு வெக்கறப்ப என்ன பேசுவீங்க?"

"பேச்சா? அவன்கூடப் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு."

அப்பா செத்தபோது பொன்னுரங்கம் பட்டறை வேலையாகப் புனே போயிருந்தார். மூத்தவன் வரட்டும் என்று நாலு பேர் சொல்லியும், பொழுது சாய்கிறது என்று தம்பியே கொள்ளி வைத்துவிட்டான். இவர் வந்து இறங்கியபோது சாம்பல்தான் இருந்தது. அந்தச் சூடு இவருக்கு இன்னும் ஆறவில்லை.

தில்ஷாத் மேஜை டிராயரிலிருந்து ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு வாடிக்கையாளரின் போன்.

"இதுல இருக்கற போட்டோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க."

பொன்னுரங்கம் செருகினார். போனில் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கழற்றி வேறு துளையில் செருகினார். போனின் வாயைப் பிரஷ்ஷால் துடைத்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஊதியும் பார்த்தார்.

"போன் கெட்டுப்போச்சு, டீச்சர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்தப் பக்கத்துல இருந்து எல்லாம் சரியாத்தான் போகுது. சார்ஜ் ஏறுது பாருங்க. அதுதான் வாயைத் திறக்க மாட்டேங்குது."

தில்ஷாத் கேபிளைப் பிடுங்கி, நடுவில் பிளேடால் தோலுரித்தாள். உள்ளே இரண்டே கம்பி. சிவப்பு, கறுப்பு.

வேறொரு பழைய கேபிளை எடுத்து அதையும் உரித்தாள். அதில் நான்கு. சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை.

"சிவப்பும் கறுப்பும் மின்சாரம். பச்சையும் வெள்ளையும் சேதி."

"அப்ப இது மட்டமான கேபிளா?"

"யார் சொன்னா? சார்ஜ் போடறதுக்கு நல்ல கேபிள். ஒரு வேளை தப்பாது."

பொன்னுரங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை. புதிதாக ஒரு நாலு கம்பிக் கேபிளை எடுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். திரையில் போட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன.

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மணி மூன்றேகால்.

"டீச்சர், அவனுக்குக் கையும் காலும்தான் விழுந்துச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு. தப்பு பண்ணினவன் அவன். அவன் முதல்ல பேசட்டும், நான் பேசறேன்."

தில்ஷாத் கேபிளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"செருகுங்க."

செருகினார். மறுபடியும் போட்டோக்கள் வந்தன.

"இப்ப யார் முதல்ல பேசினது?"

"போன்தான். அதுலதானே போட்டோ இருக்கு."

"இல்லண்ணே. கம்ப்யூட்டர்தான் 'நீ யாரு, என்ன வெச்சிருக்கே'ன்னு முதல்ல கேக்கும். அது கேக்காத வரைக்கும் போன் தானாப் பேசாது. வருஷக்கணக்கா ஆனாலும் சும்மாவே கிடக்கும்."

"அது என்ன வழக்கம்? போன் பேசினா ஆகாதா?"

"எது மின்சாரம் கொடுக்குதோ, அதுதான் முதல்ல கேக்கணும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க."