மண்டபத்துக்கு அடித்த நீலம்

ஏகாம்பரம் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. முப்பது வருடம் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவர் ஏகாம்பரம். மனைவி இறந்த பிறகு ஏணியையும் பிரஷ்ஷையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மற்றவர்களைப் போல அவரும் குருவை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அமாவாசைதோறும் மடத்தின் மண்டபம் எல்லோருக்கும் திறந்திருக்கும். குறை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். சொல்லி முடிக்கும் வரை குரு குறுக்கே பேச மாட்டார்.

ஓர் அமாவாசையன்று ஆறு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் ராமாத்தாள். அவர்கள் ஊர்க் கிணற்றுக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை இருந்தது.

"செவ்வாக்கிழமை சிவப்பு, புதங்கிழமை பச்சைங்க. எந்தக் கலர் பனியன் வெளியூருக்குப் போவுதுன்னு எங்க கெணத்த எட்டிப் பாத்தாத் தெரியும்" என்றாள் ராமாத்தாள். "எம்பொண்ணு வயித்துப்போக்குல ஆஸ்பத்திரியில கெடக்கறா. கலெக்டராபீசுல எங்கள வாசல்லயே நிறுத்திப்போடறாங்க. நீங்க கூட வந்தா உள்ள விடுவாங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

அவள் குரல் சமையல்கட்டு வரை கேட்டது. மற்றவர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள்.

குரு கேட்டு முடித்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு ஏகாம்பரம் குருவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நிறத்துக்கு மனசை மாத்தற சக்தி இருக்குதுங்களா?"

"முப்பது வருஷம் அடிச்சவர் நீங்க. நீங்க சொல்லுங்க."

"இருக்குதுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு இளம்பச்சை அடிச்சா நோயாளி கொஞ்சம் அடங்கிப் படுப்பான். சாப்பாட்டுக் கடைக்குச் சிவப்பு அடிச்சா ஜனம் அவசரமாத் தின்னுட்டு எந்திரிக்கும். நான் கண்ணால பாத்தது."

"சுடுகாட்டுக் கொட்டகைக்கு அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கறேன். வெள்ளை."

"யாராவது அழுகையை நிறுத்தினாங்களா?"

"அது வேறங்கம்மா" என்றார் ஏகாம்பரம். "நம்ம மண்டபம் செங்காவி. உள்ள வந்தாலே ரத்தம் சூடேறுது. அதான் அந்தப் பொம்பளைங்க அப்படிக் கத்தறாங்க. நீலம் அடிச்சா மனசு ஆறும். பட்டறை முதலாளிகூட அதத்தான் சொன்னாரு. பெயிண்டும் அவரே அனுப்பறேன்னாரு."

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அடியுங்க. ராமாத்தாள் மறுபடி வரும்போது அவங்ககிட்டயே கேட்போம்."

ஏகாம்பரம் நான்கு நாள் வேலை செய்தார். பழைய காவியைச் சுரண்டி, பட்டி பூசிச் சுவரைச் சமமாக்கி, இரண்டு கை நீலம் அடித்தார். மழை விட்ட வானம் போன்ற நீலம். வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பகலில் அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த அமாவாசை ஒரு திங்கட்கிழமையில் வந்தது. ஆறு பெண்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் குடம் இருந்தது. அதன் வாயை ஈரத்துணியால் கட்டியிருந்தாள்.

அவர்கள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை.

ஏகாம்பரம் தூணுக்கு அருகே நின்றிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. குருவின் பக்கம் குனிந்து, "பாத்தீங்களாம்மா" என்றார் மெதுவாக.

குரு ராமாத்தாளைப் பார்த்தார்.

"போன தடவை சத்தமாப் பேசினீங்க. இன்னைக்கு ஏன் சும்மா இருக்கீங்க?"

"பேசி என்னங்க ஆவப்போவுது?"

"மண்டபம் மனசுக்கு இதமா இருக்கா?"

ராமாத்தாள் சுவரை ஒருமுறை பார்த்தாள்.

"கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு வந்து சொன்னோம். நீங்க செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கறீங்க. நல்லாத்தான் இருக்குது. வழக்கத்த விடக்கூடாதுன்னு ஒரு நிமிசம் குந்தியிருக்கறோம். இன்னைக்குக் கலெக்டராபீசுல மனு நாளு, பத்து மணி பஸ்ஸுக்குப் போவோணும். நாங்களே மனுக் குடுத்துக்கறோம். உங்களுக்காவக் காத்திருக்கலைன்னு சொல்லத்தான் வந்தோம்."

ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றது.

"குடத்தில் என்ன?" என்று கேட்டார் குரு.

"இன்னைக்குக் கெணத்துல எறச்சதுங்க. கலெக்டர் பாக்கட்டும்."

குரு எழுந்து போய்த் துணியை அவிழ்த்தார். தண்ணீர் நீலமாக இருந்தது. ஏகாம்பரம் அருகே வந்தார். தொழில் பழக்கத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"உங்க பெயிண்டை விட எங்க தண்ணி நல்லா ஒட்டுங்கண்ணா" என்றாள் குடம் கொண்டு வந்தவள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். குதிகால் வெடிப்புகளில் சிவப்பும் பச்சையும் படிந்திருந்தன. "மருதாணிச் செலவு மிச்சம்."

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

குரு ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டார். ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"நீலம் மனசை ஆத்தும்னு சொன்னீங்க. வெளியே அடிச்சதே இவ்வளவு வேலை செய்யுது. உள்ளே போனா இன்னும் ஆறும். குடியுங்க."

ஏகாம்பரம் டம்ளரை வாங்கினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குரு சொன்னதை அவர் இதுவரை மறுத்ததில்லை. டம்ளரை உதட்டருகே கொண்டு போனார்.

ராமாத்தாள் பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டது.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" அவள் குருவைத்தான் கேட்டாள். "இதக் குடிச்சிட்டுத்தான் எம்பொண்ணு ஒரு மாசமா எந்திரிக்க மாட்டாமக் கெடக்கறா. இந்தாளு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாருன்னு அவருக்குக் குடுக்கறீங்க. நீங்கெல்லாம் ஒரு சாமி."

அவள் குரல் மீண்டும் சமையல்கட்டு வரை கேட்டது. நீலச் சுவர்கள் அதைத் தடுக்கவில்லை.

"சரியாகத்தான் கேட்கிறீங்க" என்றார் குரு. "போன அமாவாசையே நான் கிளம்பியிருக்க வேண்டும். யோசிக்கிறேன்னு சொன்னேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது."

ராமாத்தாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் தரையில் சிந்திய நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் குடிக்கவிடாமல் தடுத்தவளை அவர் ஒரு மாதமாகக் கத்துகிறவள் என்று மட்டுமே நினைத்திருந்தார். அவளுடைய மகளின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை.

"பொண்ணு பேரு என்னம்மா?" என்றார்.

"பூங்கொடி."

"வயசு?"

"ஒம்பதுங்கண்ணா."

பட்டறை முதலாளி பெயிண்ட் டின்களை வண்டியிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டு, ஏகாம்பரத்தின் தோளில் கை போட்டுப் பேசியது அவருக்கு நினைவு வந்தது. 'மடத்துல சத்தம் கேக்கக் கூடாதுங்க. சாந்தி வேணும்' என்று அவர் சொன்னதும் நினைவு வந்தது. மடத்தின் மேலுள்ள பக்தியால்தான் அதைச் சொன்னார் என்று அன்றைக்கு ஏகாம்பரம் நினைத்திருந்தார்.

பெண்கள் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். குரு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குடத்தின் வாயைக் கட்டினார்.

"அம்மா" என்றார் ஏகாம்பரம். அவர் குரல் கரகரத்தது. "சுத்தியும் நீலம். நானே அடிச்சது. நடுவுல நிக்கறேன். எனக்கு நெஞ்செல்லாம் எரியுது. இப்பவே போய் அந்தாளு சட்டையப் புடிச்சு உலுக்கணும்போல இருக்குது. வாழ்க்கையில இப்படிக் கோபம் வந்ததில்ல. இத எப்படிங்கம்மா அடக்கறது?"

குரு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"எதுக்கு அடக்கணும்? தண்ணியை நான் தூக்கிக்கிறேன். நீங்க அந்தக் கோபத்தைத் தூக்கிட்டு வாங்க. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும். வழியில எங்கேயும் சிந்தாமல்."